அலாரம் "வென்ட் ஆஃப்" என்றால் நின்றதா, அடித்ததா? ஃப்ரேசல் வெர்ப் படிக்க வழி சொல்லுங்கள்

அரைத்தூக்கம்:

வணக்கம். ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் எனக்கு ஓரளவு வரும், இலக்கணப் பரீட்சை வைத்தால் தேறிவிடுவேன். ஆனால் வேலையில் மற்றவர்கள் பேசும்போது இந்த ஃப்ரேசல் வெர்ப் என்கிற ஜோடிச் சொற்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். கெட், புட், டேக், கோ எல்லாம் தனியாக வந்தால் தெரிந்த முகங்கள்தான். பின்னால் ஒரு ஆஃப், அப், அவுட் ஒட்டிக்கொண்டால் யார் என்றே அடையாளம் தெரிவதில்லை.

சமீபத்தில் நடந்த இரண்டு கூத்தைச் சொல்கிறேன். வேறு கிளையில் இருக்கும் ஒருவர் ஆன்லைன் மீட்டிங்குக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்து, "சாரி, தி ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்" என்றார். ஆஃப் என்றால் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? நின்றால் நல்லதுதானே? நான் "ஓ, குட்" என்றேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை. அலாரம் அடித்து, கட்டடத்தையே காலி செய்துவிட்டு எல்லோரும் வெளியே நின்றிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவது கூத்து இதைவிட மோசம். மேனேஜர் "வி ஹேவ் டு புட் ஆஃப் தி டெமோ" என்றார். டெமோ ரத்து என்று எடுத்துக்கொண்டு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் "இஸ் இட் ரெடி?" என்று கேட்டபோது என் முகம் போன போக்கைக் கேமராவில் எல்லோரும் பார்த்தார்கள்.

சரி, படித்துவிடுவோம் என்று 200 ஃப்ரேசல் வெர்ப் இருக்கும் ஒரு பட்டியலைப் பிரிண்ட் எடுத்து நாளுக்குப் பத்து என்று மனப்பாடம் செய்தேன். கெட்டில் மட்டும் ஒரு பக்கம். ஒரு வாரத்தில் கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் பை, கெட் அலாங் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிட்டது. இதற்கு வேறு வழி இருக்கிறதா, அல்லது இப்படியே காலத்தை ஓட்ட வேண்டியதுதானா?

பழையபேனா:

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. பட்டியலை மனப்பாடம் செய்து இதில் தேறிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதுவும் கெட் என்ற தலைப்பின் கீழ் முப்பதை வரிசையாகப் போட்டுப் படிப்பது, ஒரே முகச்சாயல் உள்ள முப்பது பேரை ஒரே அறையில் நிறுத்திப் பெயர் சொல்லச் சொல்வது மாதிரி.

உங்கள் அலாரம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். நாம் தமிழில் "லைட்டை ஆஃப் பண்ணு", "ஃபேனை ஆன் பண்ணு" என்கிறோம் இல்லையா? ஆங்கிலத்தில் அது டர்ன் ஆஃப் அல்லது சுவிட்ச் ஆஃப். நாம் என்ன செய்தோம் என்றால் வினையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு நம்முடைய "பண்ணு"வை மாட்டிவிட்டோம். இலக்கணத்தில் அந்த வாலுக்குப் பார்ட்டிகிள் என்று பெயர், நான் வால் என்றே சொல்கிறேன். இப்படி வால் மட்டும் தனியாக வந்து நம் மொழியில் குடியேறியதால், ஆஃப் என்றால் அணைப்பது என்ற ஒரே அர்த்தம் சின்ன வயதிலேயே மனதில் ஆணி அடித்து உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலம் பேசுபவருக்கு ஆஃப் என்றால் அடிப்படையில் ஒன்றிலிருந்து விலகுவது, விடுபடுவது. சட்டையைக் கழற்றினால் டேக் ஆஃப், விமானம் தரையை விட்டுக் கிளம்பினாலும் டேக் ஆஃப், பேருந்திலிருந்து இறங்கினால் கெட் ஆஃப், பயணம் புறப்பட்டால் செட் ஆஃப், ஒருவரை வழியனுப்பினால் சீ ஆஃப். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று எதிலிருந்தோ பிரிந்து போகிறது. மின்சாரம் பிரிந்தால் விளக்கு அணைகிறது, அவ்வளவுதான்.

புட் ஆஃப் என்பதையும் இதே கண்ணால் பாருங்கள். வேலையை நம்மிடமிருந்து விலக்கித் தூரமாக வைக்கிறோம். தமிழில் என்ன சொல்வோம்? தள்ளிப்போடுவது. தள்ளு, போடு என்று இரண்டு வினை சேர்ந்து தேதியை மாற்றுகிற ஒரு புது அர்த்தம். யாரும் எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. டெமோவை ஒரேயடியாக ரத்து செய்திருந்தால் உங்கள் மேனேஜர் கால் ஆஃப் என்று சொல்லியிருப்பார். இந்த இரண்டையும் ஜோடியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், "புட் ஆஃப்" என்றால் இன்னொரு நாள் உண்டு, "கால் ஆஃப்" என்றால் இல்லவே இல்லை.

அலாரம் கோஸ் ஆஃப் என்பதைத் துப்பாக்கியோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். "தி கன் வென்ட் ஆஃப்" என்றால் வெடித்தது, "தி பாம் வென்ட் ஆஃப்" என்றாலும் வெடித்தது. அடக்கி வைத்திருந்த ஒன்று சட்டென்று விடுபட்டுச் சத்தத்தோடு கிளம்புகிறது. அலாரமும் அந்தக் கூட்டம். ஆனால் "தி லைட்ஸ் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைந்தது, "தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்" என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பால் கெட்டுப்போனது. அநியாயமாகத்தான் இருக்கிறது. எழுவாய் எது என்று பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தைத் திட்டுவதற்கு முன்னால் நம் வீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். "எடு" என்றால் என்ன? பசி எடுக்கிறது, தலைவலி உயிரை எடுக்கிறது, படம் எடுக்கிறார்கள், விடுமுறை எடுக்கிறார்கள், ஓட்டம் எடுத்தான். தமிழ் கற்கிற ஒரு வெளிநாட்டவருக்கு "பார்த்துக்கொள்" என்பதை விளக்கிப் பாருங்கள். பார் தெரியும், கொள் தெரியும், சேர்ந்தால் லுக் ஆஃப்டர் ஆகிறது. சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, கண்டுபிடி, ஒத்துப்போ, காலை வாரிவிடு என்று நாம் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறோம். அவர்களுக்கு வால் சின்ன இடைச்சொல், நமக்கு வால் இன்னொரு வினை. வித்தை ஒன்றுதான். அதனால் ஒரு புது ஃப்ரேசல் வெர்ப் கண்ணில் பட்டால் அகராதி அர்த்தத்தை ஒற்றைச் சொல்லாக எழுதாமல், தமிழில் அதற்கு நேரான ஜோடி வினை இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், கிடைத்தது மறக்கவும் மறக்காது. கிவ் இன் என்றால் விட்டுக்கொடு. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். ரன் அவுட் என்றால் தீர்ந்துபோ. லெட் டவுன் என்றால் காலை வாரிவிடு. ஈட் அப் என்றால் சாப்பிட்டுவிடு, அதாவது மிச்சம் வைக்காமல்.

நடுவர்_இல்லை:

ரன் அவுட் என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வந்து ஒரு கணம் தடுமாறினேன். "வி ரன் அவுட் ஆவ் டைம்" என்று முதல்முறை கேட்டபோது யார் அவுட் என்றே தேடினேன்.

வரிக்குதிரை:

பேனா சொன்னது அர்த்தம் புரிவதற்கு நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் வாய் திறந்து பேசும்போது நம்மைக் காட்டிக்கொடுப்பது அர்த்தம் இல்லை, இட், ஹிம், தெம் போன்ற சொற்களை எங்கே வைக்கிறோம் என்பதுதான். "டர்ன் ஆஃப் தி லைட்" சரி, "டர்ன் தி லைட் ஆஃப்" சரி, ஆனால் லைட்டுக்குப் பதிலாக இட் வந்துவிட்டால் "டர்ன் இட் ஆஃப்" மட்டும்தான் சரி, "டர்ன் ஆஃப் இட்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பிக் மீ அப் அட் சிக்ஸ்", "லுக் இட் அப்", "கால் இட் ஆஃப்", "புட் இட் ஆஃப்" என்று இட் எப்போதும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லா வினையும் இப்படி நடுவில் இடம் விடுவதில்லை என்பதுதான் அடுத்த தலைவலி. "லுக் ஆஃப்டர் ஹிம்" என்று கடைசியில்தான் வரும், "லுக் ஹிம் ஆஃப்டர்" கிடையாது. ரன் இன்டு, கம் அக்ராஸ், கெட் ஓவர், லுக் இன்டு எல்லாம் இந்த ரகம். மூன்று சொல் ரயிலாக வருபவை, அதாவது புட் அப் வித், ரன் அவுட் ஆவ், கம் அப் வித், கெட் அவே வித் இவையும் பொதுவாகப் பிரியாது. இதற்கு விதி தேடி இலக்கணப் புத்தகத்தில் மூழ்க வேண்டாம். புதிதாக ஒன்றைக் குறித்து வைக்கும்போதே இட் அல்லது ஹிம் சேர்த்து முழுசாக எழுதிவிடுங்கள். "டர்ன் டவுன்" என்று எழுதாமல் "டர்ன் இட் டவுன்" என்று எழுதினால் இடம் தானாக மனதில் பதியும். எனக்கு இது ஒன்றுதான் வேலை செய்தது.

அப்புறம் ஓசை. "டர்ன் இட் ஆஃப்" என்பதில் அழுத்தம் ஆஃப் மேல் விழ வேண்டும். நாம் டர்ன்னை அழுத்திவிட்டு ஆஃபை விழுங்குகிறோம். கேட்பவருக்கு ஆஃபா, ஆனா, டவுனா என்று தெரியாமல் மறுபடி கேட்கிறார், நாம் நம் உச்சரிப்பே மோசம் என்று சுருங்கிப் போகிறோம்.

மேகமூட்டம்:

வாலுக்கு ஒரு அடிப்படை அர்த்தம் உண்டு என்கிற கொள்கையை நம்பி நானும் ஒரு காலத்தில் அலைந்தேன். பாதி தூரம் வரும், அப்புறம் நடுத்தெருவில் விட்டுவிடும். ஸ்லோ டவுன், ஸ்லோ அப் இரண்டுமே வேகத்தைக் குறைப்பது. ஃபார்மை ஃபில் இன் செய்தாலும் ஃபில் அவுட் செய்தாலும் நிரப்புவதுதான், உள்ளேயும் வெளியேயும் எப்படி ஒன்றாகும்? வீடு எரிந்தால் பர்ன் டவுன், காகிதம் எரிந்தால் பர்ன் அப். கொள்கை எல்லாம் நாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டதற்கு அப்புறமாகப் பொருத்திப் பார்க்க நன்றாக இருக்கும், தெரியாததைக் கண்டுபிடிக்க உதவாது என்பது என் கட்சி.

நான் செய்தது வேறு. வினைவாரியாகப் படிக்காமல் சந்தர்ப்பவாரியாகப் படித்தேன். ஒரு நாளில் உண்மையாகவே நடக்கிற விஷயங்களை மட்டும் எனக்கு நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வது. பக்கத்தில் யாராவது இருந்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

காலையில் கண் விழித்தால் "ஐ வோக் அப்", படுக்கையை விட்டு எழுந்தால்தான் "ஐ காட் அப்". இரண்டுக்கும் நடுவில் எனக்கு நாற்பது நிமிடம் உண்டு. சட்டையைப் போட்டுக்கொள்கிற செயல் "புட் ஆன்", போட்டிருக்கிற நிலை "வேரிங்". தமிழில் போட்டுக்கொண்டேன், போட்டிருக்கிறேன் என்று பிரிப்போமே, அதே பிரிவுதான். வீட்டை விட்டுக் கிளம்பினால் "ஐ செட் ஆஃப்". வழியில் பழைய நண்பனை எதிர்பாராமல் பார்த்தால் "ஐ ரேன் இன்டு அன் ஓல்ட் ஃப்ரெண்ட்", முட்டி மோதிக்கொண்டதாக அர்த்தம் இல்லை. வண்டி நடுவழியில் பழுதாகி நின்றால் "இட் ப்ரோக் டவுன்". நெரிசலில் மாட்டித் தாமதமானால் "ஐ காட் ஹெல்ட் அப்". வர முடியாமல் போய்விட்டது, காரணத்தை விளக்கவும் விருப்பமில்லை என்றால் "சம்திங் கேம் அப்" என்று சொல்லிவிடலாம். திடீரென்று ஒரு வேலை வந்துவிட்டது என்று பொருள், என்ன வேலை என்று நாகரிகமானவர்கள் கேட்க மாட்டார்கள். இதைவிடப் பயனுள்ள மூன்று சொல்லை நான் இன்னும் கற்கவில்லை.

போன் ஒரு தனி உலகம். "ஹேங் ஆன்" என்றால் கொஞ்சம் இருங்கள், "ஹேங் அப்" என்றால் போனை வை. அந்தக் காலத்துச் சுவர்ப் போனில் ரிசீவரைத் தொங்கவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், அந்தப் பழக்கத்தில் வந்தது. நாமும் இன்றைக்குக் கைபேசியை எங்கும் வைக்காமலே "போனை வைக்கிறேன்" என்கிறோம். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "ஐ வில் புட் யூ த்ரூ" என்றால் இணைப்பு கொடுக்கிறேன். "வி காட் கட் ஆஃப்" என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. ஒரு முறை ஒரு பெண் சகா என்னிடம் "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்றார். பிரேக்கப் என்றால் தமிழில் காதல் முறிவு மட்டும்தானே, எனக்கே தெரியாமல் எனக்கு என்ன முறிந்தது என்று திகைத்தேன். என் குரல் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

சண்டைக்கும் சமாதானத்துக்கும் அழகான ஜோடி உண்டு. "தே ஃபெல் அவுட்" என்றால் காய் விட்டுவிட்டார்கள், "தே மேட் அப்" என்றால் பழம் விட்டுவிட்டார்கள். இதே மேக் அப், கதை என்பதோடு சேர்ந்து "ஹி மேட் அப் எ ஸ்டோரி" என்று வந்தால் கதை கட்டினான்.

இப்படி ஒரு நாளுக்கு நாலைந்து போதும். பட்டியலில் இருக்கும் 200 தேவையில்லை, உங்கள் நாளில் வருகிறதை மட்டும் பிடியுங்கள்.

பழையபேனா:

மேகமூட்டம், கொள்கை எல்லாக் கதவையும் திறக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கதவையும் திறக்காது என்பது அதிகம். அப் என்பது எத்தனை இடத்தில் "முழுசாக முடிப்பது" என்று வருகிறது பாருங்கள், யூஸ் அப், ட்ரிங்க் அப், க்ளீன் அப், ஈட் அப். நம் "விடு" மாதிரி. ஆன் என்பது தொடர்ந்துகொண்டே இருப்பது, கேரி ஆன், கீப் ஆன், கோ ஆன். நம் "கொண்டே இரு". முன்பின் தெரியாத ஒன்று காதில் விழும்போது ஊகிக்க இது போதும், ஊகித்தது சரியா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சந்தர்ப்பவாரியாகப் படிக்கச் சொன்னது என் முறையைவிட நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தமிழ் ஜோடி தேடும்போது சில இடத்தில் நம் ஒரே சொல் அவர்களுடைய இரண்டை விழுங்கிவிடும். "கண்டுபிடி"யை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டோ பார்த்தோ தெரிந்துகொண்டால் ஃபைண்ட் அவுட். பூட்டை எப்படித் திறப்பது என்று மண்டையை உடைத்து யோசித்துத் தெரிந்துகொண்டால் ஃபிகர் அவுட். தகவல் வெளியிலிருந்து வந்தால் முன்னது, மூளையிலிருந்து வந்தால் பின்னது. இதே மாதிரி இன்னொரு கதை வளர்வது. "நான் வளர்ந்தேன்" என்பது க்ரூ அப், "அம்மா என்னை வளர்த்தார்" என்பது ப்ராட் அப். நாம் ஒரே வினையில் ஒரு எழுத்தை வல்லினமாக்கிக் காரியத்தை முடித்துவிடுகிறோம், அவர்களுக்கு இரண்டு தனித்தனி வினை வேண்டியிருக்கிறது. "ஐ ப்ராட் அப் இன் எ ஸ்மால் டவுன்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர், அதற்கு "வாஸ்" வேண்டும், அல்லது க்ரூ அப் வேண்டும்.

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. மேகமூட்டம் சொன்ன மாதிரி மூன்று நாளாக எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். நானாக எழுதிய சிலதைத் திருத்திக் கொடுங்கள்.

"ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ." "ஐ கான்ட் கோப் அப் வித் திஸ் வொர்க்." "ப்ளீஸ் ஃபில் அப் தி ஃபார்ம்." "ஐ பாஸ்ட் அவுட் ஃபைவ் இயர்ஸ் அகோ." "ஹி புட் டவுன் மை ரிக்வெஸ்ட்." "ஐ ஆம் நாட் கெட்டிங் அலாங் வித் மை நியூ கம்ப்யூட்டர்."

இன்னொன்று, மெயிலில் இதையெல்லாம் எழுதலாமா? ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பேச்சுக்குத்தான், எழுத்தில் வந்தால் மரியாதைக் குறைவு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஞாபகம்.

வரிக்குதிரை:

கடைசி வாக்கியம் அருமை, திருத்த ஒன்றும் இல்லை. மற்றதை வரிசையாகப் பார்க்கலாம்.

லுக் ஃபார்வர்ட் டு என்பதற்கு அப்புறம் "மீட்டிங்" வர வேண்டும், "மீட்" இல்லை. அந்த டு, வான்ட் டு, ஹேவ் டு எல்லாவற்றிலும் வருகிற டு இல்லை, அந்த மூன்று சொல் ரயிலின் கடைசிப் பெட்டி. சந்தேகம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு தி ட்ரிப்" சரியாக நிற்கிறது, அப்படியானால் வினை வந்தாலும் இங் சேர்ந்துதான் வரும்.

கோப் அப் வித் என்று ஒன்று கிடையாது, வெறும் "கோப் வித்". கீப் அப் வித், கேட்ச் அப் வித், புட் அப் வித் என்று சுற்றி நிறைய இருப்பதால் அந்த அப் ஓசைக்காக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். நம்மில் பாதிப் பேர் இதைச் சொல்கிறோம்.

ஃபார்முக்கு ஃபில் இன் அல்லது ஃபில் அவுட். ஃபில் அப் என்றால் பாத்திரத்தை, டேங்கை விளிம்புவரை நிரப்புவது. நம் பக்கத்து ஆங்கிலத்தில் ஃபில் அப் ரொம்பப் பழக்கம், புரியாமல் போகாது, ஆனால் வெளியாட்கள் கொஞ்சம் வித்தியாசமாக உணர்வார்கள்.

பாஸ்ட் அவுட்டில் மட்டும் ஜாக்கிரதை. நாம் படிப்பை முடித்ததைச் சொல்கிறோம். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு பிரிட்டனிலும் அந்தச் சொல் உண்டு, ஆனால் சாதாரணமாக ஒருவர் "ஐ பாஸ்ட் அவுட்" என்றால் மயங்கி விழுந்தேன் என்றுதான் கேட்பவர் நினைப்பார். ஐந்து வருடத்துக்கு முன் மயங்கி விழுந்ததை ஏன் இன்டர்வியூவில் சொல்கிறார் என்று குழம்புவார்கள். "ஐ கிராஜுவேட்டட்" போதும்.

கோரிக்கையை நிராகரிப்பது டர்ன் டவுன். புட் டவுன் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைப்பது, அல்லது ஒருவரை மட்டம் தட்டுவது. நோயுற்ற விலங்கை வலியில்லாமல் சாகவைப்பதற்கும் அதே சொல்தான், அதனால் யாராவது சோகமாக "வி ஹேட் டு புட் டவுன் அவர் டாக்" என்றால், எங்கே வைத்தீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பழையபேனா:

மெயில் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் கொஞ்சம் வரலாறு உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்கு அப்புறம் நீண்ட காலம் மேட்டுக்குடியின் மொழி பிரெஞ்சாக இருந்தது. பிரெஞ்சு வழியாகவும், பின்னால் நேரடியாக லத்தீனிலிருந்தும் வந்த ஒற்றைச் சொற்கள் ஏட்டு வாசனையோடு தங்கிவிட்டன. போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட் எல்லாம் அந்த வகை. அதற்கு நேராகப் புழக்கத்தில் இருப்பவை புட் ஆஃப், புட் அப் வித், லுக் இன்டு. நாமும் அறிவிப்புப் பலகையில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு வாயால் "தள்ளிப்போட்டாச்சு" என்கிறோம். அதே இடைவெளிதான்.

அதற்காக எழுத்தில் ஃப்ரேசல் வெர்ப் கூடாது என்பது பள்ளிக்கூடத்துப் பயம். கேரி அவுட், பாயின்ட் அவுட், செட் அப் எல்லாம் ஆய்வுக் கட்டுரையிலேயே தாராளமாக வரும். நண்பருக்கு எழுதும்போது "இன்வெஸ்டிகேட்" என்றால் காவல்துறை மாதிரி இருக்கும், வாடிக்கையாளருக்கு "ஐ வில் லுக் இன்டு இட்" என்று எழுதினால் இயல்பாக, அக்கறையாக இருக்கும். ஹேங் அவுட், மெஸ் அப் போன்ற ரொம்ப அரட்டையானவற்றை மட்டும் மெயிலில் தவிர்த்தால் போதும்.

உங்களுக்கு ஒரு ஆறுதலும் சொல்கிறேன். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்குப் பெரிய சிரமம் தருவது என்று எழுதியிருக்கிறார். நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கூட்டம் இருக்கிறது.

நடுவர்_இல்லை:

நாம் தினமும் பேசுகிற பில்டப், கெட்டப், செட்டப், செக்கப், லாக்கப், மேக்கப், பிரேக்டவுன் எல்லாமே இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தானே? தமிழில் வந்து பெயர்ச்சொல்லாகிவிட்டன. இதில் பில்டப் கதை எனக்குப் பிடித்தது. அங்கே மெல்ல மெல்லச் சேர்வதுதான் பில்டப். இங்கே வந்ததும் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதாகிவிட்டது, "ஓவர் பில்டப்" என்றால் அது திட்டு. அப்புறம் படப்பிடிப்பு முடிந்தால் பேக்கப், கோப்பை நகல் எடுத்தாலும் பேக்கப். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொல், தமிழ் எழுத்தில் இரட்டைப் பிறவி.

வரிக்குதிரை:

அதில் ஒரு எழுத்து நுணுக்கமும் உண்டு. பெயர்ச்சொல்லாக வந்தால் ஆங்கிலத்தில் சேர்த்து எழுத வேண்டும், வினையாக வந்தால் பிரித்து. "மை லாகின்" என்பது ஒரு சொல், "ஐ லாக் இன்" என்பது இரண்டு. பேக்கப், செட்டப்புக்கும் இதே கணக்கு. பேசும்போது பெயர்ச்சொல்லில் முதல் பகுதியில் அழுத்தம், வினையில் வாலில் அழுத்தம். சொந்த ஆங்கிலக்காரர்களே எழுத்தில் இதைத் தப்பாகப் போடுவதை நிறையப் பார்க்கிறேன்.

அரைத்தூக்கம்:

இன்று மீட்டிங்கில் "கேன் வி புட் இட் ஆஃப் டில் தர்ஸ்டே?" என்று நானே கேட்டேன், இட்டை நடுவில் வைத்து, ஆஃபை அழுத்தி. யாரும் அமைதியாகவில்லை, "ஷ்யூர்" என்றார்கள். ஆனால் அதே மீட்டிங்கில் ஒருவர் "லெட்ஸ் ஜஸ்ட் கெட் இட் ஓவர் வித்" என்றார். கெட் ஓவர் என்றால் துக்கத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீண்டு வருவது என்று படித்தேன், அதுவும் பிரியாத ரகம் என்றுதானே மேலே சொன்னீர்கள். இங்கே இட் நடுவில் வந்து கடைசியில் ஒரு வித் வேறு தொங்குகிறது. ஏதாவது துக்கமா?

மேகமூட்டம்:

துக்கம் இல்லை, வேறு ஆள். "கெட் ஓவர் இட்" என்றால் அதிலிருந்து மீண்டு வா, கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் போனது போகட்டும், விட்டுத்தொலை. "கெட் இட் ஓவர் வித்" என்றால் பிடிக்காத வேலையைத் தள்ளிக்கொண்டே போகாமல் சட்டென்று செய்து தொலைத்துவிடுவது. பல் பிடுங்கப் போகிறவர் சொல்வது. அவர் எந்த வேலையைப் பற்றிச் சொன்னார்?

அரைத்தூக்கம்:

நான் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்ட அதே டெமோவைப் பற்றித்தான்.